மூன்றாவது பீரோ, நடுத்தட்டு

எங்கள் அப்பாவுக்குப் புத்தகம் எடுக்கத் தெரியாது. இதைச் சொன்னால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆனால் உண்மை உண்மைதானே. சனிக்கிழமை சாயங்காலம் உப்பு ஆபீஸ் வேலை முடிந்து வரும் வழியில் மரக்காணம் கிளை நூலகத்துக்குள் நுழைவார். கைக்கு எட்டிய பீரோவில் எது குண்டாக இருக்கிறதோ அதை உருவுவார். சைக்கிள் கேரியரில் வைத்துக் கொண்டுவந்து என் முன்னால் போடுவார்.

"எப்படி இருக்குது பாரு. ஒரு வாரம் தாங்கும்" என்பார், அரிசி மூட்டை வாங்கி வந்தவர் மாதிரி.

இப்படித்தான் நான் கோழி வளர்ப்பு படித்தேன். தேனீ வளர்ப்பு படித்தேன். எங்கள் வீட்டில் கோழியும் கிடையாது, தேனீயும் கிடையாது. கிணறு வெட்டுவதைப் பற்றி ஒரு புத்தகம் வந்தது, அதையும் விடவில்லை. ஒரு நாவலின் இரண்டாம் பாகம் முதலில் வந்தது. முதல் பாகம் வரவே இல்லை. அந்த இரண்டாம் பாகத்தில் ஒரு பெண் நடுவிலேயே செத்துப்போகிறாள், எல்லோரும் அவளை நினைத்து நினைத்து அழுகிறார்கள். அவள் யார், எப்படிப்பட்டவள் என்று தெரியாமலே நானும் கூட உட்கார்ந்து அழுதேன். "முதல் பாகம் எடுத்துட்டு வாங்கப்பா" என்று வாரா வாரம் சொல்வேன். "கண்ணுல படல பாப்பா" என்பார். எப்படிப் படும்? அவர் கண் தேடுவது கனத்தைத்தானே.

எழுபதுகளின் நடுவில் அது. பள்ளிக்கூடப் படிப்பு முடித்து வீட்டில் உட்கார்ந்திருந்தேன். நூலகம் ஒன்றும் கண்காணாத இடத்தில் இல்லை. மாதா கோயிலுக்கு எதிர்ச்சாரியில் வாடகைக் கட்டடம். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும்போதும் வரும்போதும் அதன் வாசலைத்தான் தாண்டிப் போவோம். முன்னறையில் பேப்பர் படிக்கிற ஆண்கள் உட்கார்ந்திருப்பார்கள். பெஞ்சில் பாதிப் பேர், தரையில் பாதிப் பேர், எல்லோருக்கும் கால் நீட்டியே பழக்கம். அவர்களுக்குப் பின்னால் ஒரு வாசல், வாசலில் பச்சைத் திரை. திரைக்கு அந்தப் பக்கம்தான் புத்தக அறை. காற்றடித்தால் திரை கொஞ்சம் விலகும், ஒரு பீரோவின் விளிம்பு தெரியும். அதைப் பார்ப்பதற்காகவே நான் நடையைக் குறைப்பேன். அம்மா என் முழங்கைக்கு மேலே கிள்ளுவாள்.

"ஏன்டி, அங்க என்ன வெச்சிருக்குது உனக்கு?"

எல்லாம்தான் வைத்திருந்தது. அதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது?

பெண்கள் உள்ளே வரக் கூடாது என்று எந்தப் போர்டும் மாட்டவில்லை. யாரும் போனதில்லை, அவ்வளவுதான். டீச்சர்கள்கூடப் பள்ளிக்கூடத்துப் பையன்களை அனுப்பித்தான் வாங்கிக்கொள்வார்கள். நான் ஒரு தடவை கேட்டே விட்டேன். அப்பா இல்லை என்று சொல்லவில்லை. "பாக்கலாம்" என்றார். பாக்கலாம் என்றால் எங்கள் வீட்டில் இல்லை என்றுதான் அர்த்தம். அம்மாதான் பளிச்சென்று சொன்னாள்: "அவனுங்க எல்லாம் காலை நீட்டிக்கிட்டு உக்காந்திருப்பானுங்க. ஒவ்வொருத்தன் காலையும் தாண்டிக்கிட்டுப் போவியா நீ?"

சரி, போகத்தான் முடியாது, அறை எப்படி இருக்கும் என்றாவது தெரிந்துகொள்ளலாமே என்று அப்பாவைக் குடைவேன்.

"எப்படிப்பா இருக்கும் உள்ள?"

"எப்படின்னா? ரூம்தான்."

"எவ்ளோ பெரிசு?"

"ரூம் அளவு."

"பீரோ எல்லாம் எப்படி வெச்சிருக்காங்க?"

"வரிசையா வெச்சிருக்காங்க. ஏம்மா, சோறு ஆறுது பாரு."

இந்த மனுஷனிடம் என்னத்தைக் கேட்பது! வயிறு எரியும் எனக்கு. வாரா வாரம் அந்த அறைக்குள் போய் நிற்கிற பாக்கியம் இவருக்கு, அதைப் பார்க்கிற கண் எனக்கு. கடைசியில் நானே மனசுக்குள் ஓர் அறையைக் கட்டிக்கொண்டேன். கோயில் அளவுக்கு உயரம். மேலே எட்டாத தட்டுக்கு ஏணி. கடல் பக்கம் பெரிய ஜன்னல், ஜன்னலடியில் எனக்கு ஒரு நாற்காலி. தூக்கம் வராத வேளையெல்லாம் அதில்தான் போய் உட்காருவேன்.

அந்த வருஷம் எனக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள். சேலம் பக்கம், ரயில்வேயில் வேலை. தவக்காலம் தொடங்குவதற்கு முன்பே கல்யாணத்தை முடித்துவிட வேண்டும் என்று பேச்சு. எங்களில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் சாமியார் பெண், மாப்பிள்ளை பெயரைச் சொல்லி ஓலை வாசிப்பார். ஏதாவது தடை இருந்தால் தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம். எனக்கே ஒரு தடை இருந்தது. ஆனால் அது எழுந்து நின்று சொல்லக்கூடிய தடை இல்லை. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அந்தத் திரையை விலக்கிக்கொண்டு போய் என் கையால் ஒரு புத்தகம் எடுக்காமல் இந்த ஊரை விட்டுப் போகப்போகிறேனே என்று இருந்தது. இதைச் சொன்னால் சிரிக்க மாட்டார்களா?

இதற்கு நடுவில்தான் எங்கள் அப்பா செய்த திருக்கூத்து வெளியே வந்தது.

எங்கள் ஊரில் மழைக்காலம் வந்தால் அப்பளம் மட்டுமில்லை, பேப்பரும் நமுத்துப் போகும். புத்தகங்களில் பூஞ்சை பிடித்துவிட்டது என்று நூலகர் கவலைப்பட்டார். அவர் மேற்கே வறண்ட சீமையிலிருந்து மாற்றலாகி வந்தவர், பாவம், கடற்காற்றைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? பேப்பர் படிக்கிற கூட்டத்திடம் யோசனை கேட்டார். உப்பளத்து ஊர்க்காரனுக்கு எதற்கெடுத்தாலும் உப்புதானே. பல்வலிக்கு உப்பு, திருஷ்டிக்கு உப்பு. "உப்பு ஈரத்தை இழுக்கும் சார், பீரோவுல வெச்சுப் பாருங்க" என்று ஒருத்தர் சொல்ல, எல்லோரும் தலையை ஆட்ட, அப்பா பெருமையாக அளத்திலிருந்து ஒரு சாக்கு நல்ல உப்பு கொண்டுபோய் இறக்கிவிட்டார். அதைத் துணியில் முடிச்சு முடிச்சாகக் கட்டி, எல்லாப் பீரோவிலும் மேல்தட்டில் வைத்துவிட்டார்கள்.

உப்பு ஈரத்தை இழுக்கும்தான். இழுத்த பிறகு என்ன ஆகும்? எங்கள் வீட்டு உப்புச் சாடியே ஐப்பசியில் தண்ணீர் விட்டுக்கொண்டு நிற்கும். அம்மா அந்தத் தண்ணீரை அப்படியே சாய்த்து ரசத்தில் ஊற்றுவாள். உப்பிலேயே பிறந்து உப்பிலேயே வளர்ந்த அத்தனை ஆண்களில் ஒருத்தருக்கும் அது ஞாபகம் வரவில்லை. வீட்டில் சாடியைத் திறந்து பார்த்தால்தானே!

மழை வந்தது. தெருவில் தண்ணீர் நின்று நூலகம் சில நாள் பூட்டியிருந்தது. திறந்தபோது, முடிச்சுகள் எல்லாம் சுருங்கிக் கிடந்தன. உப்பு கரைந்து, மேல்தட்டிலிருந்து நடுத்தட்டுக்கு, நடுத்தட்டிலிருந்து அடித்தட்டுக்கு என்று ஒவ்வொரு பீரோவிலும் இறங்கியிருந்தது. புத்தகங்கள் ஊறிப்போயிருந்தன. ஈரத்தோடு ஈரமாகத் துடைத்து வைத்தால் காய்வதும் இல்லை. பகலில் காய்ந்த மாதிரி இருக்கும், சாயங்காலக் காற்று பட்டதும் திரும்பக் கசியும்.

ஊர் சும்மா இருக்குமா? "ஏம்பா, உப்பு ஆபீஸ்காரரு லைப்ரரியை ஊறுகா போட்டுட்டாரு, கேட்டியா" என்று டீக்கடையில் பேச்சு. அப்பா தலை குனிந்துகொண்டு வந்து போனார். எனக்கோ சிரிப்பு ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம். நான் இன்னும் பார்க்கவே இல்லை, அதற்குள் ஊறுகாயா?

"மேல இருக்கிற உப்பை ஈரத்துணியால ஒத்தி எடுக்காம வெயில்ல போட்டா எப்படிக் காயும்?" என்றாள் அம்மா, அடுப்பைப் பார்த்தபடியே. "அப்பளத்துல மாவு ஒட்டினா தட்டாம காயவெப்பியா?"

அப்பா அன்றைக்கே போய் நூலகரிடம் சொன்னார். வெயில் காட்ட இடம் வேண்டும். நூலகத்துக்கு முற்றம் கிடையாது. எதிரில் மாதா கோயில் முற்றம்தான் வெட்டவெளி. இருவரும் சாமியாரிடம் போய் நின்றார்கள். ஞாயிற்றுக்கிழமை, என் முதல் ஓலையை வாசித்து முடித்த அதே மூச்சில் சாமியார் சொன்னார்: நாளைக்கு நூலகப் புத்தகங்களை நம் முற்றத்தில் காயவைக்கப்போகிறார்கள், பெண்கள் வந்து கைகொடுங்கள்.

ஓலை வாசித்த பெண் வெளியே தலைகாட்டக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா பீடத்தைப் பார்த்தாள்.

"சாமி சொல்லிட்டாரேம்மா" என்றேன்.

"வாயை மூடிக்கிட்டு வரணும்" என்றாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

மறுநாள் காலையில் முற்றம் முழுக்கப் பனையோலைப் பாய். அளத்தில் இன்னும் வேலை தொடங்காத நேரம், அங்கே உப்பு வாருகிற பெண்களும் வந்திருந்தார்கள். கூனிமேட்டிலிருந்து தினமும் பேப்பர் படிக்க வருகிற ஜவுளிக்கடை பாய், கடையில் மிச்சம் விழுந்த வெள்ளைத் துணியெல்லாம் ஒரு மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்து இறக்கினார். "யா அல்லா, இன்னா சார் இது, மீன் காயவெக்கிற மாதிரி காயவெக்கிறீங்க" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். ஆண்கள் உள்ளேயிருந்து கட்டுக் கட்டாகத் தூக்கி வந்தார்கள். நாங்கள் துணியை நனைத்துப் பிழிந்து, ஒவ்வொரு அட்டையையும் ஒவ்வொரு விளிம்பையும் ஒற்றி எடுத்து, பக்கங்களை விரித்து வைத்தோம். காற்றில் புரளாமல் இருக்க மேலே சின்னக் கல்.

சாமி, என்ன ஒரு நாள் அது! நான் நூலகத்துக்குப் போக முடியவில்லை, நூலகம் தெருவைத் தாண்டி என்னிடம் வந்துவிட்டது. பாய்க்குப் பாய் குனிந்துகொண்டே போனேன். துடைக்கிற சாக்கில் ஒவ்வொன்றிலும் முதல் பக்கத்தைப் படித்தேன், பிறகு நடுவில் ஒரு பக்கம். கப்பல் போகிற கதை, ராஜா கதை, துப்பறிகிற கதை, பாட்டுப் புத்தகம், யாரோ இமயமலைக்கு நடந்தே போன கதை. இத்தனை காலமும் இதெல்லாம் அந்தத் திரைக்குப் பின்னால் இருந்திருக்கிறது, எனக்கு வந்ததோ தேனீ.

மத்தியானத்துக்கு மேல், கோயில் மணிக்கூண்டின் நிழல் விழுந்த பாயில் அதைப் பார்த்தேன். அந்த நாவலின் முதல் பாகம். பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன, பிரிக்க முடிந்த இடத்தில் மட்டும் பிரித்தேன். இரண்டாம் பாகத்தில் செத்துப்போனவள் இங்கே பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாய்க்கால் தாண்டி ஓடுகிறாள். அம்மாவிடம் அடி வாங்குகிறாள். மாங்காய் திருடுகிறாள். இவளா? இவளுக்காகவா அழுதேன்? நான் அங்கேயே மண்டி போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

"ஏன்டி, துடைக்கச் சொன்னா படிச்சிக்கிட்டு இருக்கே?" என்று அம்மா கத்தினாள்.

"ஒட்டிக்கிட்டு இருக்குதும்மா, பிரிக்கறேன்" என்றேன்.

பனி இறங்குவதற்கு முன்னால் எல்லாவற்றையும் உள்ளே சேர்க்க வேண்டும் என்று நூலகர் அவசரப்படுத்தினார். எல்லோரும் முற்றத்தில் இருந்தார்கள், கட்டு கட்டிக்கொண்டும் எண்ணிக்கொண்டும். நான் எதிர்ச்சாரியைப் பார்த்தேன். வாசல் திறந்திருந்தது. முன்னறையில் பெஞ்சு இருந்தது, கால்கள் இல்லை. அத்தனை காலும் இங்கே முற்றத்தில் நின்றுகொண்டிருந்தன.

கைகொள்ளும் மட்டும் புத்தகங்களை அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டேன். தெருவைத் தாண்டினேன். முன்னறையைத் தாண்டினேன். தோளால் பச்சைத் திரையை விலக்கினேன்.

ஐயே, இவ்வளவுதானா!

எங்கள் சமையலறையைவிடக் கொஞ்சம் பெரிய அறை. ஏணி இல்லை. நாற்காலி இல்லை. சந்துப் பக்கம் ஒரே ஒரு ஜன்னல், அதையும் கடற்காற்றுக்குப் பயந்து ஆணியடித்து மூடியிருந்தார்கள். பீரோக்கள் திறந்து கிடந்தன, தட்டுகளில் ஒன்றுமே இல்லை. ஓரங்களில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. அந்த அறைக்குள் வரவேண்டும் என்று எத்தனை காலம் ஏங்கினேன், வந்தபோது அங்கே ஒரு புத்தகம்கூட இல்லை. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

அழுதுகொண்டு நிற்க நேரம் இல்லை. கையில் இருந்ததை மூன்றாவது பீரோவின் நடுத்தட்டில் வைத்தேன். அது என் கண் உயரத்துக்குச் சரியாக இருந்தது. வைத்த பிறகுதான் தோன்றியது, இந்தத் தட்டையாவது என் இஷ்டப்படி அடுக்கிவிட்டுப் போவோம் என்று. எடுக்கத்தான் கொடுத்து வைக்கவில்லை, வைக்கிறதாவது என் கையாக இருக்கட்டும். வெளியே ஓடினேன். பகலெல்லாம் பார்த்து வைத்திருந்தவற்றைப் பொறுக்கினேன். முதல் பாகம் முதலில், பக்கத்தில் இரண்டாம் பாகம், அப்புறம் கப்பல், அப்புறம் இமயமலை.

அடுத்த நடைக்கு நான் வெளியே வந்தபோது அப்பா வாசலில் நின்றிருந்தார், இரண்டு கையிலும் கட்டோடு. நான் உள்ளேயிருந்து வருவதைப் பார்த்துவிட்டார். அவர் என்னைப் பார்த்தார், எனக்குப் பின்னால் அசைந்துகொண்டிருந்த திரையைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த கட்டை என்னிடம் நீட்டினார்.

"இதையும் வெச்சிடும்மா. நான் இங்க நிக்கறேன்."

தட்டு நிரம்பும் வரைக்கும் நின்றார். அம்மா முற்றத்திலிருந்து என் பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது, "இங்கதான் இருக்கறா, எங்கூட" என்று குரல் கொடுத்தார்.

மூன்றாவது ஓலையும் வாசித்து, கல்யாணமும் ஆகி, சேலம் பக்கம் போய்விட்டேன். அங்கே பெரிய நூலகம். பெண்களுக்கென்று தனி மேசைகூட உண்டு. வீட்டுக்காரர் முதல் மாதமே பெயர் பதிந்து கொடுத்தார். நல்ல மனுஷன், குறை சொல்ல முடியாது. நான் பாட்டுக்கு உள்ளே போனேன், யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மாடி வரைக்கும் புத்தகம், ஏணிகூட இருந்தது. எதை எடுப்பது என்று தெரியாமல் வெகுநேரம் நின்றேன். கடைசியில் குண்டாக இருந்த ஒன்றை உருவிக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து, விரலை நாக்கில் தொட்டுப் பக்கம் புரட்டினேன். உப்பே இல்லை. அப்பாவை நினைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன்.

மாதா திருவிழாவுக்கு ஊருக்கு வந்தபோது, எங்கள் வீட்டுத் தையல் மெஷின் மேல் ஒரு புத்தகம் கிடந்தது. விளிம்பெல்லாம் வெள்ளை பூத்த புத்தகம்.

"யாரு படிக்கிறாங்க?"

"வேற யாரு, உங்கப்பாதான்" என்றாள் அம்மா. "நீ போன பெறகும் சனிக்கெழமையானா தூக்கிக்கிட்டு வந்துடுவாரு. சும்மா கெடக்கும், திரும்பக் கொண்டுபோய்க் குடுப்பாரு. ஏன்னு கேட்டா பழக்கம்பாரு. அப்புறம் ஒரு நாளு பிரிச்சாரு, அவ்ளோதான், இப்போ சாப்பிடக் கூப்பிட்டா காதுல விழறதில்ல."

அப்பா கொஞ்சம் வெட்கப்பட்டார். "நீ அடுக்கின தட்டுதாம்மா. லைப்ரரி சாரு நம்பர் பிரகாரம் அடுக்கணும்னாரு. அந்தத் தட்டை மட்டும் விட்டுடுங்க சார்னு சொல்லிட்டேன். ஊறுகா போட்டவன் பேச்சைக் கேட்டாரு, புண்ணியவான். இடது பக்கத்துலேர்ந்து ஒண்ணொண்ணா வர்றேன்." சற்று நிறுத்திவிட்டுக் கோபமாகக் கேட்டார்: "அந்தப் பொண்ணை ஏம்மா சாகடிச்சான் அவன்? மாங்கா திருடிக்கிட்டு எவ்ளோ துடிப்பா இருந்துச்சு!"

நானும் அவரும் அவளைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டே சாப்பிட்டோம். கை காய்ந்துபோய்விட்டது.

"அந்தத் தட்டு முடியப்போவுது" என்றார் அப்பா. "நாளைக்கு நீயே வா. நான் முன்னாடி போறேன், நீ பின்னாடி வா. எவன் காலை நீட்டறான்னு பாக்கறேன்."

இதை அவர் சொல்லவேண்டும் என்று எத்தனை வருஷம் காத்திருந்தேன்! மறுநாளே எனக்குத் திண்டிவனம் பஸ். பெட்டியைக் கட்டி வைத்துவிட்டுக் காலையிலேயே கிளம்பினோம். அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டார்.

நூலகம் பூட்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை. வாராந்தர விடுமுறை. திருவிழா அமளியில் கிழமை மறந்துபோய்விட்டது இரண்டு பேருக்கும். அப்பா பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார், இழுத்தால் கிழமை மாறிவிடும் போல.

சந்துப் பக்கம் போனோம். ஆணியடித்த ஜன்னல். அப்பா அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். அப்புறம், நான் கேட்கவே இல்லை, அவராகவே சொல்லத் தொடங்கினார்.

"இந்தா, இதுக்கு நேரா முதல் பீரோ. மேல்தட்டுல பாட்டு. பாதி சிவப்பு அட்டை, பூச்சி அரிச்சிருக்குது. அதுக்குக் கீழே சரித்திரம். உனக்குப் புடிக்கிறது ஒண்ணு இருக்குது, ஒரு ராணி குதிரைமேல போறா, நடுவுல நாலு பக்கம் காணோம். ரெண்டாவது பீரோ கதவு சரியா மூடாது, கீழே அட்டையை மடிச்சு வெச்சிருக்காரு சாரு. சாயங்காலம் இந்த ஜன்னல் இடுக்கு வழியா வெளிச்சம் வந்து நம்ம தட்டு மேல விழும்மா. அப்போ பாக்கணும் நீ. அட்டையில இருக்கிற உப்பெல்லாம் மினுக்கும்."

ரூம்தான் என்று சொன்ன அதே மனுஷன்.

அதற்குப் பிறகு நான் வந்தபோதெல்லாம் ஏதோ ஒன்று. கைக்குழந்தை, மழை, பூசை. கடைசியில் நூலகமே வேறு கட்டடத்துக்கு மாறிப்போனது. அந்த அறையில், புத்தகங்கள் இருக்கும்போது, நான் நின்றதே இல்லை. ஆனால் அந்த அறையை என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யாரும் இருக்க முடியாது.

அன்றைக்கு, அந்தச் சந்தில் நிற்கும்போதே ரோட்டில் பஸ் ஹார்ன் கேட்டது. அப்பா ஜன்னலிலிருந்து கையை எடுத்தார்.

"அடுத்த தடவை திறந்திருக்கும் பாப்பா."

"திறந்திருக்கும்ப்பா" என்றேன். "பஸ்ஸு நிக்கும், நீங்க சொல்லுங்க. நாலாவது பீரோவுல என்ன இருக்குது?"